முறிமருந்து

முறி + மருந்து. கிளை முறிகிறது, உறவு முறிகிறது, பால்கூட முறிகிறது. ஒன்றின் கட்டையும் வேகத்தையும் உடைப்பதே முறித்தல். நஞ்சின் வேகத்தை உடைப்பது நஞ்சுமுறி.  

மூச்சை அடக்கும் நஞ்சுக்கும் ஒரு முறிமருந்து உண்டு. கோலார் தங்கவயலில் வாழும் தமிழர்களுக்கு மூச்சின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்களின் பாறைத்தூள் எத்தனையோ நுரையீரல்களைக் கெடுத்தது. அபின் வகை மருந்துகள் அளவு மீறினால் நடப்பது வேறு. நுரையீரல் நன்றாகவே இருக்கும். மூச்சுவிடு என்று மூளை கட்டளையிடுவதுதான் ஓய்ந்துபோகும். உதடு நீலம் பாயும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும்.

இதற்கு முறிமருந்து நலோக்சோன். 1961இல் காப்புரிமை கோரப்பட்டு, 1971இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளையில் மார்ஃபின் உட்காரும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஊசியாகவோ மூக்கில் தெளித்தோ கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

‘முறி’ என்ற சொல் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டுகிறது. முறிந்தது நஞ்சின் பிடிதான். நஞ்சு உடலில் இன்னும் இருக்கிறது. நலோக்சோனின் வலு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். மூச்சு மறுபடி அடங்கலாம். கண் விழித்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.