நடுவில் நின்ற ‘ஆஃப்’: மாடல் டி காரின் ஸ்விட்ச் குறித்து ஒரு மறுவாசிப்பு

கார் ஸ்விட்சின் வரலாற்றை, கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டருடன் காடிலாக் வெளிவந்த 1912இலிருந்து தொடங்குவது ஆய்வாளர் சிலரின் வழக்கம். அதற்கு முந்தைய வகை ஸ்விட்சுகள் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் மட்டுமே பயன்பட்டவை என்பது அதன் உட்கிடை. 1919 வரை ஸ்டார்ட்டரே இல்லாமல் விற்பனையான ஃபோர்டு மாடல் டி காரின் காயில் பெட்டி இதற்கு உடன்படவில்லை. அதன் முகப்பில் ஒருபுறம் பேட்டரி, மறுபுறம் மேக்னட்டோ, நடுவில் ஆஃப்.

இவற்றை ஓட்டுநரின் வசதிக்கான இரு மாற்றுவழிகளாக வாசித்தவர்கள், நடுவில் இருப்பதைக் கவனிக்கவில்லை. மேக்னட்டோவில், பிளைவீலில் பதித்த 16 காந்தங்கள் சுழன்று மாறுதிசை மின்சாரத்தைத் தருகின்றன. வேகம் கூடக்கூட அதன் வலுவும் கூடும். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அது மெலிந்திருப்பதால், உலர் பேட்டரி வைத்திருந்தவர் அதில் கிளப்பி, எஞ்சின் ஓடியதும் மேக்னட்டோவுக்கு மாறுவார். மாறும் கணத்தில் இரு இணைப்புகளும் தொட்டுக்கொண்டால் பேட்டரி மின்சாரம் மேக்னட்டோச் சுருள்களில் பாய்ந்து காந்தங்களின் வலுவைக் கெடுக்கும். மீண்டும் காந்தம் ஏற்றுவது சாலையோரத்தில் முடிகிற வேலையன்று. ஆகவே ஒரு முனையை விட்டு முழுதும் விலகிய பின்னரே பிடி மறுமுனையைத் தொட வேண்டும். அந்த இடைவெளியைக் கட்டாயமாக்குவது நடுவிலுள்ள ஆஃப். மின்சாரமற்ற அக்கணத்தைப் பிளைவீலின் வேகமே தாண்டிவிடும். இந்த ஸ்விட்சின் முதன்மைப் பணி, இரண்டு மின்சாரங்களைச் சந்திக்கவிடாமல் காப்பது. பிடியுள்ள எந்த ஸ்விட்சிலும் ஆஃப் நடுவில் அமைவது இயல்புதானே எனலாம். ஆஃபை ஓரத்தில் வைத்திருந்தாலும் செலவு அதிகமாகியிராது. அப்போது பிடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே தாவியிருக்கும். வடிவத்தை மட்டும் கொண்டு வடிவமைத்தவர் மனத்தை அறுதியிட முடியாது என்பதை ஒப்புகிறேன். ஆயினும் 1919இல் ஸ்டார்ட்டர் வந்தபோது, அதன் பெரும் மின்னோட்டத்தை முகப்பு ஸ்விட்சுக்குக் கொண்டுவராமல் காலடித் தரையில் தனி ஸ்விட்ச் வைத்தனர். எந்த மின்சாரத்தை எதனோடு சேர்க்கலாகாது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. எல்லாம் மலிவுக்காக என்பாருக்கு, மலிவும் தெளிவும் பகையல்ல என்பதே போதும்.

நெல்லைச் சீமையில் இந்த வாசிப்புக்கு எடை கூடுகிறது. பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1944இல். அதற்கு முன், உடன்குடி போன்ற தேரிக்காட்டு ஊரில் பேட்டரி சார்ஜை நம்பிய காரைவிட மேக்னட்டோவில் ஓடும் கார் ஏற்றது. கைவலு இருந்தால் பேட்டரி இன்றியே கிளப்பலாம். கடற்கரையின் உப்புக்காற்று பித்தளை முனைகளில் களிம்பேற்றும். களிம்பைச் சுரண்டி வில்தகட்டை வளைத்துப் பொருத்துபவர் கையில்தான் அந்த இடைவெளி இருக்கிறது. இடைவெளி எதற்கு என்று அறியாதவர் காந்தங்களைக் கெடுத்துவிடுவார். திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழியில், பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் உருவானது 1961இல். தமிழகத்துக் கார் மின்சாதன வரலாற்றை அங்கிருந்து எழுதுவது தொழிற்சாலைக் கணக்குக்குப் பொருந்தும்; பழுதுபார்க்கும் கைக்கு வேண்டியிருந்த அறிவின் கணக்குக்குப் பொருந்தாது. பழங்கார்களைப் பட்டியலிடுவோர் முகப்பின் எழுத்துகளோடு நின்றுவிடாமல், பெட்டியைத் திறந்து முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்து பதிய வேண்டும்.