குடிக்கூலியும் குடியிருப்பும்

வீட்டு வாடகைக்குத் தமிழில் குடிக்கூலி என்றொரு பழைய சொல் உண்டு. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் நேர்ப்பொருள். இன்று பேச்சிலும் எழுத்திலும் வாடகை என்ற சொல்லே நிலைத்துவிட்டது. ஆனால் காவிரிப் படுகையின் வரலாற்றைப் படிக்கும்போது பழைய சொல்லே பொருத்தமாகப் படுகிறது. அதை இருவிதமாகப் படிக்க இடமிருப்பதே காரணம். நகரத்தில் குடியிருந்தவர் வீட்டுக்காகப் பணத்தைக் கூலியாகக் கொடுத்தார். வயலோரம் குடியிருந்தவரோ தம் உடலுழைப்பையே குடிசைக்கு ஈடாகக் கொடுத்தார். முன்னவருக்கான சட்டப் பாதுகாப்பு 1941இல் தொடங்கியது. பின்னவரின் குடிசைக்கென ஒரு சட்டம் வர 1961 ஆயிற்று. இந்த இருபதாண்டு இடைவெளி எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது.

முதலில் நகரத்தைப் பார்ப்போம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் சென்னை காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு இடம் மாறின. எழும்பூரில் ரயிலேறிய குடும்பங்கள் தத்தம் பூர்வீக ஊர்களை நோக்கிச் சென்றன. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் ஆகியவை அவ்வாறு பலருக்குப் பூர்வீகம். பர்மாவிலிருந்து கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி வந்தோரும் இதே ஆண்டில்தான் தமிழ்நாட்டு ஊர்களுக்குத் திரும்பினர். வந்தவர்கள் ஏராளம், போர்க்காலத்தில் இரும்பும் சிமென்டும் இராணுவத் தேவைக்குப் போய்விட்டதால் புதிய வீடு எழும்ப வழியில்லை. வாடகை ஏறியதில் வியப்பில்லை.

படுகையின் பழைய வீடுகள் இதற்கு ஒருவகையில் ஈடுகொடுத்தன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் அமைப்பு அவற்றினுடையது. கூடத்தில் ஒரு குடும்பம், இரண்டாங்கட்டில் ஒரு குடும்பம், மாடியில் ஒரு கல்லூரி மாணவன் என்று ஒரே வீடு பலவாகும். கிணறும் கழிப்பிடமும் பொது. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல் எவ்வளவு துல்லியமானது பாருங்கள். ஒண்டுதல் என்றால் ஒதுங்கி ஒட்டிக்கொண்டிருத்தல். நம் நடுத்தர வர்க்கத்துக் கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் கிணற்றடியில்தான் நடக்கின்றன என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சற்று மிகைதான்.

இந்த நெருக்கடியில் வந்ததே வாடகைக் கட்டுப்பாடு. 1941இல் போர்க்கால ஆணையாகப் பிறந்து, 1946இல் சட்டமாகி, 1949லும் 1960லும் புதுப்பிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையைக் கணக்கிட, 1940 ஏப்ரலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அப்பகுதியில் நிலவிய வாடகையை அளவுகோலாகக் கொண்டது. அதாவது போருக்கு முந்தைய விலைவாசியைச் சட்டம் பிடித்து நிறுத்திவைக்க முயன்றது. வீடு காலியானால் உரிமையாளர் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்கு அதை ஒதுக்கிக்கொள்ளலாம். வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. மாற்றலாகி வந்த தாலுகா அலுவலக எழுத்தருக்கு இது பெரிய ஆறுதல். புதிய வீடுகளைக் கட்டும் ஆர்வத்தை இச்சட்டம் குறைத்தது என்ற குற்றச்சாட்டிலும் உண்மையுண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது.

நகராட்சி எல்லையைத் தாண்டி நான்கு மைல் நடந்தால் இச்சட்டத்துக்கு வேலையில்லை. அங்கே பண்ணையாள் வாடகையே கொடுக்கவில்லையே! மிராசுதாரின் மனையில் அவன் குடிசை போட்டுக்கொண்டான். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் அந்தப் பண்ணைக்கு உழைத்தார்கள். ரசீது இல்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் வாடகையும் இல்லை.

யார் எங்கே குடியிருப்பது என்பது இப்பகுதியில் ஆயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டு வந்த செய்தி. இராசராசன் பெரிய கோயிலுக்கு அழைத்துவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. உலகின் பழைய குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பட்டியல்களுள் ஒன்றாக அதைச் சொல்லத் தோன்றுகிறது. அதே கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களின் நிலக்கணக்கில், வரி நீக்கப்பட்ட இடங்களாக ஊர்நத்தமும் பறைச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்பது அன்றே அளந்து பிரிக்கப்பட்டுவிட்டது.

படுகையின் நில அமைப்பும் இதற்குத் துணைபோயிற்று. வாய்க்காலும் வயலுமாகப் பரந்த தட்டை பூமியில் தண்ணீர் ஏறாத மேட்டுத்திடலே அரிய பொருள். ஊர்நத்தமும் தோப்பும் களமும் போக மிஞ்சிய திடலில் ஒண்டியவை சேரிகள். குடிசையிலிருந்து வெளியேறு என்று சொல்லப்பட்டால் பக்கத்தில் போய் நிற்கக்கூட இடமிராது. நாலு பக்கமும் சொன்னவரின் நெல். வீட்டுப் பஞ்சம் என்று நகரத்தார் சொன்னது சில ஆண்டுகளுக்கான துன்பம். இங்கே அது தலைமுறைகளின் நிலைமை.

1943இல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாச ராவ் அதை ஊர் ஊராக வளர்த்தார். சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது முதற்கோரிக்கைகளுள் ஒன்று. 1952இல் இராஜாஜி அமைச்சரவை தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்துக்கு மேல் வைத்திருந்தோரை அது கட்டுப்படுத்தியது. விளைவு எதிர்பாராதது. நிலக்கிழார்கள் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். அடிமைத்தளை அறுந்தது, ஆனால் குடிசை நின்ற மண் மட்டும் பழைய முதலாளியிடமே இருந்தது. கூலி உயர்வு கேட்பவனை, கொடி ஏற்றுபவனை வழிக்குக் கொண்டுவர இனி அந்த மண்ணே கருவியாயிற்று. 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்ததை இந்தப் பின்னணியில் காண வேண்டும். சீனிவாச ராவ் அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார்.

அதே காலத்தில்தான் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்பது அவர் அவ்வூருக்கு இட்ட புனைபெயர். நூல் 1965இல் வெளிவந்தது. அக்கிரகாரத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே குடியிருந்த காரணத்தாலேயே சேரிக்குள் தாராளமாகப் போய்வர அவரால் இயலவில்லை. அக்காலத்தில் அந்தணர் பலர் கல்விக்கும் வேலைக்குமாக நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். அக்கிரகார வீடுகள் பூட்டிக் கிடக்கத் தொடங்கியிருந்தன. ஓர் ஊரின் ஒரு தெருவில் ஆளில்லாத வீடுகள், இன்னொரு மூலையில் ஒரு குடிசைக்குள் இரண்டு குடும்பங்கள். ஆகவே பற்றாக்குறை என்று வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவதை நான் நம்புவதில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் அடியாட்களுக்கு அஞ்சி ஓடியவர்கள் புகுந்தது இராமையாவின் குடிசை. நாற்பத்து நான்கு பேர் அதற்குள் எரிந்தனர். கூலிப் போராட்டம் என்ற அளவில் இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எரிந்தது ஒரு வீடு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தப்பி ஒளிய அவர்களுக்கு வேறு கூரை இல்லை. 1970இல் கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இடையில் கணபதியா பிள்ளை ஆணையமும் 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன.

1971இல் கருணாநிதி ஆட்சியில் நிறைவேறிய குடியிருப்பு உரிமையளிப்புச் சட்டம் அடுத்த படி. அவ்வாண்டு ஜூன் 19 அன்று ஒரு குடியிருப்பில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அம்மனை உரிமையாகும். நிலத்தவருக்கு இழப்பீடு அரசின் பொறுப்பு. கேரளம் 1970இலேயே குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை வாங்கும் உரிமை தந்திருந்தது. இரு மாநிலச் சட்டங்களிலும் ‘குடி’ என்ற பழஞ்சொல்லே நிற்பது தமிழாசிரியனுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பட்டா கைக்கு வந்த பின் ஒருவர் கூலி பேசும் குரலே மாறிவிடும் என்பதைப் படுகையில் வாழ்ந்தோர் அறிவர்.

சிக்கல் தீராத இடம் ஒன்றுண்டு: கோயில் நிலம். கும்பகோணம், மாயவரம் போன்ற ஊர்களில் அடிமனை கோயிலுடையது, மேற்கட்டடம் குடியிருப்பவருடையது என்ற நிலை வெகு சாதாரணம். சமய அறக்கட்டளைக் கட்டடங்களுக்கு 1976இல் அரசு வாடகைச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. உச்சநீதிமன்றம் 1985இல் அதை ஏற்றது. கோயிலுக்கு நியாயமான வருவாய் வேண்டும் என்ற வாதம் சரியானதே. ஆனால் தெருத்தெருவாகக் கோயில் சொத்தாக உள்ள ஊரில் அந்த விலக்கு எத்தனை குடும்பங்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1960ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; வீட்டுக்கான முன்பணம் மூன்று மாத வாடகையை மீறலாகாது. நான் வேலை கிடைத்துத் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தபோது பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை. வாடகை எவ்வளவு என்று நாங்கள் வாய் திறக்கும் முன்பே, “சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். தெருவைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு வாரத்தில் பன்னிரண்டு வீடுகளில் இக்கேள்விக்குப் பதில் சொன்னோம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் முதலில் பறந்தவை கீற்றுக் கூரைகள். வெண்மணிக்குப் பின் கிழக்குத் தஞ்சைக்கு வந்து நிலமற்றோருக்காகப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் கணவரோடு தொடங்கிய லாப்டி இயக்கத்தின் வழியாக, நிலத்தோடு கல்வீட்டையும் ஒரு கோரிக்கையாக முன்வைத்து உழைத்தவர். வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் கூரை வேய்ந்து வாழ்வோர் பட்டாவுக்கான மனுவுடன் இன்றும் தாலுகா அலுவலகப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள்.