தணிக்கை அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும்

சென்னை மெட்ரோ ரயிலில் ஆயிரம் விளக்கைத் தாண்டினால் அடுத்து வருவது ஏஜி-டிஎம்எஸ் நிலையம். அதில் வரும் 'ஏஜி', அக்கவுண்டன்ட் ஜெனரல் என்பதன் சுருக்கம். தமிழில் மாநிலக் கணக்காயர். அண்ணா சாலையில் உள்ள அவருடைய அலுவலகத்திலிருந்து கிளம்பும் தணிக்கைக் குழுக்கள் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கணக்குப் பார்த்துத் திரும்புகின்றன. அவர்கள் எழுதும் குறிப்புகளில் சில, பல கட்டங்களைக் கடந்து சட்டப்பேரவைக்கு வந்து சேரும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் மக்கள் பிரதிநிதிகளின் அமைப்புதான் பொதுக் கணக்குக் குழு. நாடாளுமன்றத்துக்கு ஒன்று, ஒவ்வொரு மாநிலப் பேரவைக்கும் ஒன்று என நாடெங்கும் இது உண்டு.

இந்த ஏற்பாடு பிரிட்டனில் பிறந்தது. நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டனின் முயற்சியால் 1861இல் அந்நாட்டு மக்களவை பொதுக் கணக்குக் குழுவை அமைத்தது. பணத்தை ஒதுக்குவதோடு அவையின் வேலை முடிந்துவிடவில்லை, ஒதுக்கிய காரியத்துக்கே அது செலவானதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1866இல் வந்த சட்டம் எல்லாத் துறைகளின் கணக்குகளையும் தணிக்கை செய்து அவைக்குச் சொல்லும் தனிப் பதவியை உருவாக்கியது. தணிக்கையாளர் கண்டுபிடிப்பார், குழு விசாரிக்கும் என்ற ஜோடி அன்று சேர்ந்தது.

இந்தியாவில் தணிக்கைப் பதவி அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று முதல் தலைமைத் தணிக்கையாளர் பொறுப்பேற்றார். அந்த நாளைத்தான் 2021 முதல் தணிக்கை நாளாகக் கொண்டாடுகிறார்கள். விசாரிக்கும் குழு பிறக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு 1921இல் மத்தியச் சட்டமன்றத்தில் குழு அமைந்தபோது, அதற்குத் தலைமை வகித்தவர் அரசின் நிதி உறுப்பினரே. செலவு செய்த அரசே கேள்வி கேட்கும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தது.

விடுதலைக்குப் பிறகுதான் அந்த நாற்காலி மாறியது. 1950இல் குழு முழுமையான நாடாளுமன்றக் குழுவாகி, மக்களவைத் தலைவரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது என்றானது. ஆனாலும் தலைவர் ஆளுங்கட்சிக்காரராகவே இருந்துவந்தார். 1967இல் சுதந்திராக் கட்சியின் மினு மசானி தலைவரானார். சென்னையில் ராஜாஜி தொடங்கிய கட்சி அது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரே தலைவர் என்ற மரபு அவரிலிருந்து தொடங்குகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் திமுகவின் இரா. செழியன் அந்தப் பொறுப்பை வகித்தார். இந்த மரபுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை, கட்சிகள் மதிப்பதால் மட்டுமே நிற்கிறது. இன்று மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள், பதவிக்காலம் ஓராண்டு.

நாட்டின் தணிக்கைத் துறைக்குத் தலைமை வகிக்கும் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) சுதந்திரத்தை அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் காக்கின்றன. உச்ச நீதிமன்ற நீதிபதியை எப்படி நீக்க வேண்டுமோ அப்படித்தான் அவரையும் நீக்க முடியும். 1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இந்த அதிகாரியின் கடமை நீதித்துறையின் கடமையைவிடவும் முக்கியமானது என்று வாதிட்டார். மக்கள் பணத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு அத்தனை பெரியது என்று அவர் கருதினார்.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத் தணிக்கைக் குழு வருகிறது. முதலில் கேட்பது கேஷ் புக், வவுச்சர் கட்டு, சாலை போட்ட இடமென்றால் அளவெழுதிய எம் புக். சந்தேகம் வந்தால் ஆடிட் மெமோ. அதற்குத் தரும் பதில் திருப்தி இல்லையென்றால் ஆய்வறிக்கையில் ஒரு பத்தியாக ஏறும். அலுவலகங்களில் 'பாரா விழுந்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான பாராக்கள் பதில் எழுதியும் பணத்தை வசூலித்தும் கீழ்மட்டத்திலேயே தீர்ந்துவிடும். கனமானவை வரைவுப் பாராவாகத் துறைச் செயலாளருக்குப் போகும். ஆறு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது மத்திய அமைச்சகங்களுக்கான விதி. அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் அறிக்கை அச்சாகிறது. குற்றச்சாட்டும் மறுப்பும் ஒரே பக்கத்தில் இருப்பதே இந்த அறிக்கைகளின் நேர்மை. பரபரப்புச் செய்திகளில் முதலில் காணாமல் போவதும் அந்த மறுப்புதான்.

அச்சான அறிக்கை குடியரசுத் தலைவருக்கு அல்லது ஆளுநருக்குப் போய், அவர் வழியாக அவையில் வைக்கப்படுகிறது. குழு எல்லாப் பாராக்களையும் எடுத்துக்கொள்வதில்லை, சிலவற்றைப் பொறுக்கி எடுக்கிறது. மூடிய அறையில் துறைச் செயலாளர் சாட்சியாக வந்து உட்காருவார். அமைச்சரைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. குழுத் தலைவரின் பக்கத்தில் தணிக்கைத் தலைவர் அமர்ந்து, எங்கே எதைக் கேட்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு எடுத்துக்கொடுப்பார். பிறகு குழு தன் பரிந்துரைகளை அவைக்குத் தரும். அந்தப் பரிந்துரைகள் ஆணைகள் அல்ல. அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவே.

தணிக்கை அறிக்கை அரசியலைப் புரட்டிப்போட்ட தருணங்களும் உண்டு. 1989 ஜூலையில் அன்றைய தணிக்கைத் தலைவர் டி.என். சதுர்வேதியின் போபர்ஸ் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பீரங்கி வாங்கிய முறையிலிருந்த குறைகளை அது அடுக்கியது. அந்த மாதமே எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக மக்களவையிலிருந்து ராஜினாமா செய்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்தார்.

2010 நவம்பரில் வந்த, 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய அறிக்கை தமிழ்நாட்டை நேரடியாகத் தொட்டது. அப்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்து பதவி விலகியவர் திமுகவின் ஆ. ராசா. உத்தேச இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இருக்கலாம் என்றது அன்றைய தணிக்கைத் தலைவர் வினோத் ராயின் அறிக்கை. பல முறைகளில் போட்ட கணக்குகளில் உயர்ந்த தொகை அது. அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழுவின் அறை. அங்கே நடந்தது வேறு. 2011 ஏப்ரலில் குழுத் தலைவராக இருந்த பாஜகவின் முரளி மனோகர் ஜோஷியின் வரைவு அறிக்கையைக் காங்கிரஸ், திமுக உள்ளிட்ட கட்சிகளின் உறுப்பினர்கள் நிராகரித்து, காங்கிரஸின் சைபுதீன் சோஸைத் தலைவராக அறிவித்தார்கள். ஜோஷி அனுப்பிய அறிக்கையை மக்களவைத் தலைவர் மீரா குமார் திருப்பி அனுப்பினார். உச்ச நீதிமன்றம் 2012இல் அந்த ஒதுக்கீட்டில் வழங்கிய 122 உரிமங்களை ரத்து செய்தது; சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அந்தத் தொகை சரியா தவறா என்ற கேள்விக்கு, அதைக் கேட்டிருக்க வேண்டிய குழு இன்றுவரை ஒருமித்த பதில் சொல்லவில்லை. இந்தக் குழுவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

சாதாரண மக்களின் திட்டங்களைப் பற்றிய அறிக்கைகள் இவ்வளவு சத்தம் போடுவதில்லை. ஆனால் அவற்றில்தான் பாடம் அதிகம். 2023 ஆகஸ்டில் வந்த ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் தணிக்கையை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். அந்த எண் பத்து ஒன்பதுகள். தரவுத்தளத்தில் இறந்தவர்களாகக் குறிக்கப்பட்ட 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. கைபேசி எண்ணை வைத்துச் சிகிச்சை தருவதில்லை, அது பதிவுக்கு மட்டுமே என்று அரசு விளக்கம் தந்தது. கேட்க வேண்டிய விளக்கம்தான். ஆனால் ஏழரை லட்சம் பேரைத் தொடர்புகொள்ள வழியே இல்லாமல் ஒரு பட்டியல் எப்படி உருவானது என்பது அதோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல.

கேள்வி எழ முதலில் அறிக்கை அவைக்கு வர வேண்டும். 151ஆவது பிரிவு, அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்கிறதே தவிர எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டை கட்சி பேதமில்லாமல் பயன்பட்டிருக்கிறது. டெல்லியில் 14 தணிக்கை அறிக்கைகள் பேரவைக்கு வராமல் தேங்கிக் கிடந்தன. 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் கண்டித்தது. ஆனால் பேரவையைக் கூட்டும்படி உத்தரவிட மறுத்தது. ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரி 25 அன்றுதான் மதுக் கொள்கை பற்றிய அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. கேள்விக்கு உள்ளானவர்கள் அதற்குள் பதவியிலேயே இல்லை. அறிக்கை கைக்கு வந்த பிறகு கூடும் முதல் கூட்டத்தொடரிலேயே அதை வைத்தாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவது கடினமான காரியமல்ல.

அவையில் வைத்த பிறகு அறிக்கை பொது ஆவணம். தணிக்கைத் துறையின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது, இந்த ஆண்டு அறிக்கையில் எந்தெந்தப் பாராக்களைக் குழு விசாரணைக்கு எடுத்தது என்று கேளுங்கள்.