சமர்கண்டிலிருந்து வந்த அட்டவணை

தொலைநோக்கியைத் திருப்புவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இன்றிரவு எந்த விண்மீன், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் நிற்கும்? இன்று கணினித் திரை அதை நொடியில் சொல்லிவிடுகிறது. முன்பு அந்த வேலையைச் செய்தது ஓர் அட்டவணை. பாரசீகத்தில் அதற்கு ‘சீஜ்’ என்று பெயர்.

சமர்கண்டை ஆண்ட உலுக் பெக் 1,018 விண்மீன்களின் இடங்களை 1437-ஆம் ஆண்டுக்குக் குறித்து வைத்தார். அந்தப் பட்டியல் டெல்லியில் ராஜபுத்திர மன்னர் சவாய் ஜெய்சிங்கின் கைக்கு வந்தபோது பழசாகிவிட்டிருந்தது. பூமியின் அச்சு பம்பரம் போலத் தள்ளாடுவதால், விண்மீன்களின் கணக்கு சுமார் 72 ஆண்டுக்கு 1 பாகை நகர்ந்துவிடும். ஜெய்சிங் ஒவ்வொரு விண்மீனுக்கும் 4 பாகை 8 கலை (60 கலை ஒரு பாகை) கூட்டிப் புதுப்பித்தார். முகலாய மன்னரின் பெயரால் அவரது அட்டவணை நூல் ‘சீஜ்-இ முகமது ஷாஹி’ ஆயிற்று.

ஆனால் ஜெய்சிங் ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பியவரல்ல. 1724-ல் டெல்லியில் ஜந்தர் மந்தர் வானாய்வகத்தை எழுப்பினார். அங்குள்ள பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் உயரம் சுமார் 70 அடி. அதன் சாய்வுச் சுவர் தரையோடு ஏறத்தாழ 28 பாகை 37 கலை கோணத்தில் ஏறுகிறது. அது டெல்லியின் அட்சரேகை. 1727-ல் போர்த்துகலுக்கு ஆள் அனுப்பி, பிரெஞ்சு வானியலாளர் லா இரின் அட்டவணையையும் வரவழைத்தார். அதை வானத்தோடு ஒப்பிட்டபோது நிலா அரைப் பாகை தள்ளி நின்றது. அதாவது, முழுநிலாவின் அகலம் அளவுக்குப் பிழை!

இத்தகைய அட்டவணைகளுக்கு இன்று ஒரு வாரிசு ஸ்டெல்லேரியம். 2000-த்தில் பிரான்சின் ஃபாபியன் ஷெரோ தொடங்கிய இலவச மென்பொருள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அதற்குள் இருக்கின்றன. அச்சின் தள்ளாட்டத்தை அதுவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நம்மிடம் கேட்பது இடமும் நேரமும்தான். டெல்லி என்று கொடுத்தால், ஜெய்சிங் கல்லில் சாய்த்து வைத்த அதே அட்சரேகை எண்ணாக உள்ளே போகிறது.

பிப்ரவரி நடுவில், இரவு 9 மணி என்று வைத்து அகத்திய நட்சத்திரத்தைத் தேடிப் பாருங்கள். டெல்லியில் அது உச்சத்துக்கு வந்தும் 9 பாகையைத் தொடாது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த உயரம்கூட இல்லை. ஊரை மட்டும் சென்னை என்று மாற்றுங்கள், 24 பாகைக்கு ஏறிவிடும். தெற்கத்தி முனிவர் தெற்கே போகப் போகத்தான் உயர்கிறார்.

திரையில் தெரிந்ததெல்லாம் டெல்லி வானில் தெரிந்துவிடாது. அடிவானத்துப் புகைமூட்டமும் எதிர்வீட்டு மாடியும், நாம் சொல்லாவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் திட்டம் போட்ட கையோடு மொட்டை மாடிக்கு ஏறித் தெற்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜெய்சிங்கும் அட்டவணையை அப்படித்தான் சரிபார்த்தார்.