வரைபலகையிலிருந்து கணிப்பொறித் திரை வரை

ஓர் அலுமினியத் தகட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நீளம் 100 மி.மீ., அகலம் 60 மி.மீ., கனம் 10 மி.மீ. அதன் நடுவே 20 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. இத்தகட்டின் நிறை எவ்வளவு? அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம் எனக் கொண்டால் ஏறத்தாழ 153.5 கிராம் என்று விடை வரும். தாளும் பென்சிலும் இருந்தால் பள்ளி மாணவரே இதைக் கண்டுவிடலாம்.

கணிப்பொறி வழி வடிவமைப்புக்கான சான்றிதழ்த் தேர்வுகளில் இதே வகைக் கணக்குதான் பல வளைவுகளோடும் வெட்டுகளோடும் வருகிறது. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளுக்குரிய சி.எஸ்.டபிள்யூ.பி. என்னும் தேர்வைப் பாருங்கள். அதன் முதற்பகுதியில் ஒரு வரைபடம் தருவார்கள். அதைப் பார்த்துத் திரையில் திண்ம உருவை அமைத்து, அதன் நிறையைக் கூற வேண்டும். பிறகு சில அளவுகளை மாற்றச் சொல்லி, புதிய நிறை என்ன என்று கேட்பார்கள். ஆயத்தம் போதாத மாணவர் தடுமாறுவது இந்த இரண்டாவது வினாவில்தான்.

அது ஏன்? மென்பொருளின் கட்டளைகளை மனப்பாடம் செய்தால் இதற்கு விடை கிடைக்காது. பொறியியல் வரைபடத்தின் வரலாற்றைப் பார்த்தால் கிடைக்கும்.

மறைத்து வைத்த கலை

பிரான்சு நாட்டில் போன் என்னும் ஊரில் 1746ஆம் ஆண்டு ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தவர் காஸ்பார் மோன்ஜ். மெசியேர் நகரில் இராணுவப் பொறியியல் பள்ளி ஒன்று இருந்தது. உயர்குடியில் பிறவாததால் மோன்ஜ் அங்கே அதிகாரிகளோடு சேர்ந்து படிக்க முடியவில்லை. வரைபடக் கூடத்தில் வேலை மட்டும் கிடைத்தது.

ஒருநாள் அவரிடம் ஒரு கோட்டைக் கணக்கைக் கொடுத்தார்கள். எதிரியின் பீரங்கி உள்ளே பார்க்க முடியாதபடி மதில்கள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது வினா. அந்நாளில் இதற்கு நீண்ட எண் கணக்குகள் போட வேண்டும். மோன்ஜ் கோடுகள் வரைந்தே விரைவில் விடை கண்டார். இவ்வளவு சீக்கிரம் முடித்திருக்க முடியாது என்று அதிகாரி அதைச் சரிபார்க்கவே முதலில் மறுத்தாராம்! பின்னர் முறை சரி என்று தெரிந்ததும், அதை இராணுவ இரகசியமாக்கிப் பூட்டி வைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகே, 1795இல் மோன்ஜ் அதை வெளிப்படையாகக் கற்பித்தார். 1799இல் அது நூலாக வந்தது.

அவர் முறையின் சாரம் எளியது. ஒரு பொருளை நேராகப் பார்த்து ஒரு தோற்றம், மேலிருந்து பார்த்து ஒரு தோற்றம் வரைய வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் விரித்து வைத்தால் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்று தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் நீங்கள் வரையும் முன்தோற்றமும் மேல்தோற்றமும் இதன் வழிவந்தவையே. தேர்வின் முதற்படியும் இதுதான். தட்டையான தாளைப் பார்த்து மனத்தில் திண்ம உருவைக் காண வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் கற்பிக்கும் முதற்கோண முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே இருக்கும். அமெரிக்காவில் வழங்கும் மூன்றாங்கோண முறையில் அது மேலே இருக்கும். எந்த முறை என்று பாராமல் தொடங்கினால் உருவமே தலைகீழாகிவிடும்.

உறவுகளை அறிந்த திரை

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லாந்து. டி.எக்ஸ்-2 என்னும் பெரிய கணிப்பொறியில் அவர் ஸ்கெட்ச்பேடு என்ற நிரலை உருவாக்கி, 1963இல் முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டால் கோடு தோன்றும். அந்தக் காலத்தில் அதுவே பெரும் வியப்பு.

ஆனால் அதைவிடப் பெரிய புதுமை ஒன்று அதனுள் இருந்தது. கோணல்மாணலாக ஓர் அறுகோணம் வரைகிறீர்கள். அதன் முனைகளெல்லாம் ஒரு வட்டத்தின் மேல் அமையட்டும், பக்கங்கள் சமமாகட்டும் என்று கட்டளையிடுகிறீர்கள். உடனே அது ஒழுங்கான அறுகோணமாகிறது! தாளில் வரைந்த கோட்டுக்குப் பக்கத்துக் கோட்டைத் தெரியாது. சதர்லாந்தின் திரையில் கோடுகள் ஒன்றுக்கொன்று உறவு கொண்டிருந்தன.

1982இல் ஆட்டோகேடு வந்தது. சாதாரண மேசைக் கணிப்பொறியில் ஓடியதால் சிறிய அலுவலகங்களும் வரைபலகையைக் கைவிட முடிந்தது. எனினும் தொடக்கத்தில் அது மின்னணு வரைபலகையாகவே இருந்தது. கோடுகளுக்குள் உறவு ஏற்படுத்தும் வசதி அதில் 2009இல்தான் சேர்ந்தது. இதற்கிடையில், லெனின்கிராடிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கணித அறிஞர் சாமுவேல் கைஸ்பெர்க் 1985இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதன் புரோ/எஞ்சினியர் மென்பொருளில் ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த பகுதிகளெல்லாம் தாமே மாறின. அவ்வழியை விண்டோஸ் கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தது 1995இல் வெளியான சாலிட்வொர்க்ஸ்.

மீண்டும் தகட்டுக்கு

இப்போது நம் தகட்டுக்குத் திரும்புவோம். இரு மாணவர்கள் அதைத் திரையில் அமைக்கிறார்கள். துளை போடும்போது ஒருவர் "10 மி.மீ. ஆழம்" என்கிறார். மற்றவர் "முழுவதும் ஊடுருவுக" என்கிறார். படத்தில் வேறுபாடு தெரியாது. இருவருக்கும் 153.5 கிராம்தான்.

அடுத்த வினாவில் கனத்தை 15 மி.மீ. ஆக்கச் சொல்கிறார்கள். இரண்டாமவரின் துளை தகட்டோடு சேர்ந்து நீள்கிறது, விடை 230.3 கிராம். முதலாமவரின் துளையோ 10 மி.மீ.யில் நின்றுவிடுகிறது, விடை 234.5 கிராம். அவர் கட்டளை எதையும் மறக்கவில்லை. துளை எதற்காக இருக்கிறது என்பதைத்தான் கணிப்பொறிக்குச் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் இது வெறும் மதிப்பெண் இழப்போடு போகாது. துளை அடைபட்ட தகட்டில் மரை ஆணி நுழையாது. வரைபடத்தை நம்பி வெட்டிய உலோகமெல்லாம் வீணாகும். அளவுகளை மாற்றிக் கேட்கும் வினாவின் நியாயம் இதுவே.

ஆகவே, இத்தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களே, ஒவ்வொரு பயிற்சிப் படத்தையும் முடித்தவுடன் மூடிவிடாதீர்கள். நீளத்தை மாற்றிப் பாருங்கள், கனத்தைக் கூட்டிப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டியது நடுவிலேயே நிற்கிறதா? ஊடுருவ வேண்டியது ஊடுருவுகிறதா? எளிய உருவங்களின் நிறையைக் கையாலும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். வேலையைத் தொடங்குமுன், எந்த அளவு எதைச் சார்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

அதிகாரிகளோடு அமர முடியாத மோன்ஜுக்கு அவருடைய வரைபடமே சாட்சியாக நின்றது. உங்கள் திரையில் உள்ள உருவத்தையும் ஒருநாள் வேறொருவர் திறந்து அளவை மாற்றுவார். அப்போது அது உடையாமல் நிற்குமானால், நீங்கள் தொழில் கற்றவர்.