அடிக்காப்புத் தகடு (பொதியுந்து)

அடிக்காப்புத் தகடு என்பது ஊர்தியின் அடிப்புறத்தில் உள்ள எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, பற்சக்கரப் பெட்டி முதலிய உறுப்புகளைக் கல், மரத்தூர், மேட்டுத்தரை ஆகியவற்றின் மோதலிலிருந்து காக்கும் உலோகத் தகடு ஆகும். பிக்கப் எனப்படும் சிறு பொதியுந்துகள், காட்டுவழி செல்லும் ஊர்திகள், பந்தய ஊர்திகள் ஆகியவற்றில் இது பொருத்தப்படுகிறது. பட்டறைகளில் இது இஞ்சின் கார்டு, ஸ்கிட் பிளேட் என்று அழைக்கப்படும். மோதும் பொருளைத் தடுத்து நிறுத்துவது இதன் பணியன்று. ஊர்தி அப்பொருளின் மீது சறுக்கிக் கடந்து செல்ல இடங்கொடுப்பதே இதன் பணி.

தேவை

எஞ்சினின் மிகத் தாழ்வான பகுதி பெரும்பாலும் அதன் எண்ணெய்த் தொட்டியே. இதனை இயக்குநர்கள் ஆயில் சம்ப் என்பர். உயவு எண்ணெய் இதில் தேங்கி நின்று, உறிஞ்சுகுழல் வழியாக மேலேற்றப்பட்டு, கிராங்க் தண்டு, பேரிங்குகள் முதலிய சுழலும் உறுப்புகளைச் சென்றடைகிறது. இத்தொட்டி இரு வகையில் பழுதடையும்.

1. வார்ப்பு அலுமினியத்தால் ஆன தொட்டி மோதலில் விரிசல் விடும். எண்ணெய் விரைவில் ஒழுகிவிடும்.
2. எஃகுத் தகட்டால் ஆன தொட்டி உட்புறமாக நசுங்கும். நசுங்கிய பகுதி உறிஞ்சுகுழலின் வாயை அடைத்தால், ஒரு துளி எண்ணெய்கூட வெளியே சிந்தாமலே எஞ்சினுக்கு எண்ணெய் செல்வது நின்றுவிடும்.

எண்ணெய் அழுத்தம் இழந்த எஞ்சின் தொடர்ந்து ஓடினால், உராய்வு வெப்பத்தால் பேரிங்குகள் உருகிக் கிராங்க் தண்டைப் பற்றிக்கொள்ளும். இதுவே எஞ்சின் 'பிடித்துக்கொள்ளுதல்' எனப்படும். தொட்டியை மட்டும் மாற்றுவது சிறு செலவு. எஞ்சினைப் பிரித்துச் சீரமைப்பது பெருஞ்செலவு. ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் உரிமையாளருக்கு வண்டி நின்ற நாள்களின் வருவாயும் இழப்பாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் வில்லிஸ் ஜீப்பில் பற்சக்கரப் பெட்டியின் அடியில் சறுக்குத்தகடு இருந்தது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. பின்னாளில் டாடா ஏஸ் (2005), அசோக் லேலண்ட் தோஸ்த் (2011) முதலிய சிறு சரக்கூர்திகள் வந்தபின், மாட்டுவண்டியும் டிராக்டரும் மட்டுமே சென்ற பாதைகளில் இவை செல்லத் தொடங்கின. இதனால் அடிப்புறப் பாதுகாப்பு, காட்டுவழிப் பயணம் விரும்புவோரின் தேவை என்ற நிலை மாறி, சரக்கு ஏற்றுவோரின் தேவையும் ஆயிற்று.

கரிசல் பகுதியில் பயன்பாடு

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் பெரும்பாலும் மானாவாரி நிலங்களைக் கொண்டவை. அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையை எளிதில் அடையலாம். அச்சாலையில் இத்தகடு தேவைப்படாது. சாலையை விட்டு இறங்கி, விளைநிலத்திற்கும் கண்மாய்க்கரைக்கும் செல்லும் வண்டிப்பாதைகளிலேயே இதன் தேவை எழுகிறது. அதற்குக் காரணங்கள் மூன்று.

கரிசல் மண்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும் இயல்பு இம்மண்ணுக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிகின்றன. மழை நின்றபின் அத்தடங்கள் அப்படியே இறுகி, நடுவில் கெட்டியான திட்டு நிற்கும். பெரிய சக்கரங்களையுடைய டிராக்டர் சென்ற தடத்தில் சிறு பொதியுந்து சென்றால், அந்த நடுத்திட்டு அதன் எண்ணெய்த் தொட்டியில் உரசும்.

சீமைக் கருவேலம்: இப்பகுதியில் இம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது ஒரு தொழிலாகும். வெட்டியபின் தரைக்கு மேல் நிற்கும் தூர் உறுதியானது; சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் கூர்மையாகவும் இருக்கும். புல் மூடிய இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. கரிமூட்டை ஏற்ற மூட்டத்தருகே செல்லும் வண்டிகளுக்கு இதுவே முதன்மையான இடர்.

சுமை: பருத்தி, மிளகாய், மக்காச்சோளம், கரி ஆகியவற்றை ஏற்றியபின் விற்பட்டைகள் அமிழ்ந்து அடிச்சட்டம் தாழ்கிறது. வெறும் வண்டியாகச் சென்றபோது இடிக்காத திட்டு, சுமையுடன் திரும்பும்போது இடிக்கக்கூடும்.

பொருள்கள்

70 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட தகட்டின் எடை பொருளுக்கும் தடிப்புக்கும் ஏற்ப வேறுபடும்.

2 மி.மீ. மென்னெஃகு: ஏறத்தாழ 6.6 கி.கி.
3 மி.மீ. மென்னெஃகு: ஏறத்தாழ 9.9 கி.கி.
5 மி.மீ. அலுமினியம்: ஏறத்தாழ 5.7 கி.கி.

தகட்டின் வளையா உறுதி அதன் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது தடிப்பு இரு மடங்கானால் உறுதி எட்டு மடங்காகும். எனவே 5 மி.மீ. அலுமினியத் தகடு, 3 மி.மீ. எஃகுத் தகட்டைவிட எடை குறைந்ததாயினும் வளைவதற்கு அதிகம் எதிர்ப்புக் காட்டும். ஆயினும் அலுமினியம் விலை மிகுந்தது. கல்லில் உரசினால் எளிதில் தேயும். சாதாரண வெல்டிங் பட்டறையில் அதைப் பற்றவைப்பது கடினம். எஃகு வளைந்தாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். சிற்றூர்ப் பட்டறைகளுக்கு எஃகே ஏற்றது. தகட்டின் முன்விளிம்பை மேல்நோக்கி வளைப்பதும், நெடுக்கில் மடிப்பு விடுவதும் எடையைக் கூட்டாமல் உறுதியைக் கூட்டும். முன்விளிம்பு வளைக்கப்படாத தகடு, மண்ணில் குத்திக் கலப்பைபோல் உழுது கிழிந்துவிடும்.

பொருத்தும் முறை

தகடு எதனுடன் பிணைக்கப்படுகிறது என்பதே இதில் முதன்மையானது. பொதியுந்தின் நீண்ட அடிச்சட்டத்துடனோ அதன் குறுக்குச் சட்டத்துடனோ மட்டுமே பிணைத்தல் வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளில் தகட்டைத் தொங்கவிட்டால், மோதலின் விசை முழுவதும் தொட்டிக்கே செல்லும். காப்பே கேடாக முடியும்.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கு இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எஞ்சினும் புகைக்குழாயும் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும்.
2. பட்டறையின் குழியைப் பயன்படுத்துவது நன்று. ஜாக்கியால் உயர்த்தினால், இரும்புத் தாங்கிகளை அடிச்சட்டத்தின் கீழ் வைத்த பின்னரே அடியில் நுழைய வேண்டும். ஜாக்கி உயர்த்துவதற்கான கருவி மட்டுமே. அதை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்தானது. செங்கல்லையும் தாங்கியாகக் கொள்ளக்கூடாது.
3. அடிச்சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளை அளந்து, முதலில் அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தில் புதுத் துளை இடுவதும் பற்றவைப்பதும் அதன் உறுதியைக் குறைக்கும்.
4. தகட்டுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட வேண்டும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மீது அசைவதாலும், அடிபடும்போது தகடு உள்வளைவதாலும் இது தேவை.
5. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே துளை விட வேண்டும். நீரும் சேறும் வெளியேறவும் காற்றுச் செல்லவும் நீள்துளைகள் வேண்டும்.
6. வாசரும், தளராத வகை நட்டும் இட்டு, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் பொருத்திய பின்னரே ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். 8.8 தரமுள்ள 8 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஏற்றது.
7. அதிர்வொலி இருக்கிறதா எனச் சிறிது தொலைவு ஓட்டிப் பார்த்து, மீண்டும் முறுக்கைச் சரிபார்க்க வேண்டும்.

டாடா ஏஸ் ஊர்தியில் எஞ்சின் இருக்கையின் அடியிலும், பொலேரோ பிக்கப்பில் முன்மூடியின் உள்ளேயும் இருப்பதால், ஒன்றின் தகடு மற்றதற்குப் பொருந்தாது.

குறைகளும் எச்சரிக்கைகளும்

தகடு தரை இடைவெளியைக் குறைக்கிறது, எடையைக் கூட்டுகிறது, எஞ்சினின் அடியில் செல்லும் காற்றை ஓரளவு தடுக்கிறது. கோடைக்காலத்தில் பொருத்தியவர்கள் வெப்பமானியைச் சில நாள்கள் கவனித்தல் நன்று.

தகட்டின் மேல் சேரும் காய்ந்த புல்லும் சருகும் தீப்பிடிக்கக்கூடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் ஊர்திகள் பலவற்றில் புகைக்கரி வடிகட்டி உள்ளது. அது தன்னைத் தூய்மை செய்துகொள்ளும்போது மிகுந்த வெப்பம் அடையும். ஆகவே வடிகட்டியையும் புகைக்குழாயையும் தகட்டால் மூடக்கூடாது.

பின்னச்சில் உள்ள டிஃபரன்சியல் கூட்டை இத்தகடு காக்காது. அக்கூடு அச்சுடன் சேர்ந்தே இருப்பதால், அதன் உயரத்தைச் சக்கரத்தின் அளவே முடிவு செய்கிறது. காற்றுப்பை உள்ள ஊர்திகளில் முன்பக்கத்தை மிகவும் விறைப்பாக்கும் தகடு, மோதல் உணரியின் செயலைப் பாதிக்கக்கூடும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும் வகையில் ஊர்தியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. இப்பிரிவைச் சுட்டியே, முன்புறம் பொருத்தப்படும் மோதுதடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மைய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அடிக்காப்புத் தகடு அதனின்றும் வேறானது. எனினும் தயாரிப்பாளர் வழங்கும் தகட்டையோ, அடிச்சட்டத்தை வெட்டாமல் கழற்றி மாட்டத்தக்க தகட்டையோ பயன்படுத்துவதே பாதுகாப்பானது. உத்தரவாதக் காலத்தில் உள்ள ஊர்திக்கு முன்கூட்டியே விற்பனையாளரிடம் கேட்டறிய வேண்டும்.

பராமரிப்பும் ஓட்டும் முறையும்

மழைக்காலத்தில் தகட்டின் மேல் அப்பும் கரிசல் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை உண்டாக்கும். எனவே மழைக்காலத்தில் அவ்வப்போதும், எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழுவி, போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். பலத்த அடி பட்டபின் தகட்டைக் கழற்றித் தொட்டியைச் சோதிப்பது இன்றியமையாதது. ஒழுகும் எண்ணெயைத் தகடு சிறிது நேரம் மறைத்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தடம் ஆழமான பாதையில் ஒரு பக்கச் சக்கரத்தை நடுத்திட்டின் மீது ஏற்றி ஓட்டினால் அடிப்புறம் தப்பும். எண்ணெய் அழுத்தத்திற்கான சிவப்பு விளக்கு எரிந்தால், எந்த இடமாயினும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். 'ஊர்வரை போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று ஓட்டும் அந்தச் சில நிமிடங்களிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளக்கூடும். தகடு மோதலின் தீங்கைக் குறைக்கும். விளக்கைக் கவனிக்கும் பொறுப்பு ஓட்டுநருடையதே.

இவற்றையும் பார்க்க

பொதியுந்து
உயவு எண்ணெய்
கரிசல் மண்
சீமைக் கருவேலம்