இயல்பு நிறுவலில் பயன்கருவிகள்

பயனர் தனியாக எதனையும் தெரிவு செய்யாதபோதும் இயங்குதளத்துடன் கணினியில் வந்தமரும் நிரல்களின் தொகுதி, இயல்பு நிறுவல் எனப்படும். ஒரு காரியத்தை மட்டும் செவ்வனே செய்யும் சிறு கருவிகள் பலவற்றை இணைத்துப் பெரிய காரியங்களை முடிப்பதே 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸின் சம்பிரதாயமாதலால், எக்கருவிக்கு இத்தொகுதியில் இடம் என்னும் விவகாரமும் அதனுடனேயே பிறந்தது எனலாம். 1992-இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம், கட்டளைகளை ஏற்கும் ஷெல்லையும் அதனோடு இருக்க வேண்டிய கருவிகளையும் வரையறுத்தது. ஆயினும் அத்தரம் கூறும் எட் என்னும் பழைய உரைத்திருத்தியைப் பல லினக்ஸ் விநியோகங்கள் இன்று இயல்பாகப் பதிப்பதில்லை.

1993-இல் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் விநியோக இயக்கம், பொதி எனப்படும் ஒவ்வொரு நிரல் தொகுப்புக்கும் அவசியம், முக்கியம், வழக்கம், விருப்பம் என முன்னுரிமை வகுத்தமை இவ்வரலாற்றில் பிரதானமான நிகழ்ச்சி. 2017-இல் வெளிவந்த அதன் ஒன்பதாம் பதிப்பில், வலைப்பின்னலைச் சீரமைக்கப் பல்லாண்டு கையாளப்பட்ட இஃப்கான்ஃபிக் கட்டளை புதிய நிறுவல்களில் இயல்பாகக் கிடைக்கவில்லை. ஐபி என்னும் புதிய கருவி அதன் ஸ்தானத்தைப் பெற்றது. பதிக்கப்படும் ஒவ்வொரு நிரலும் வட்டில் இடம் கொள்வதோடு, பழுது நேரின் அந்நியர் நுழையும் வாயிலாகவும் ஆகக்கூடுமாதலால், இத்தகைய நீக்கங்கள் நியாயமானவையே.

எனினும் நீக்கியதை வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்னும் சமாதானம், இணைய வசதியுள்ளவர்க்கே பொருந்தும். தூத்துக்குடிக் கரையில் 1961-இல் இறுதியாக நடந்த முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு வரை, குளியாளி தன்னை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் கல்லையும், கயிற்றையும், சிப்பி சேர்க்கும் வலைப்பையையும் கரையிலேயே தோணியில் ஏற்றிக்கொண்டார். நடுக்கடலில் அவற்றைத் தேடிப் பெற இயலாது; இணையமில்லாதவர் நிலையும் அத்தகையதே. 2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளின் எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் உடன் சேர்த்தே அளித்ததன் விசேஷம் இங்கேதான் விளங்குகிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்குச் சென்றது. அதே தூத்துக்குடிக் கரையிலுள்ள மணப்பாட்டிலோ வேம்பாரிலோ வீட்டில் இணையமின்றி அம்மடிக்கணினியைத் திறக்கும் மாணவிக்கு, 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முதல் நாளே கிட்ட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். இனிவரும் பதிப்புகளைத் தொகுப்போர் வேறெதனைக் குறைப்பினும், தமிழ் உள்ளீட்டை விருப்பப் பட்டியலுக்குத் தள்ளாதிருக்க வேண்டுகிறோம்.